பாதியில் நிற்கும் காப்பி



வீட்டில் இருக்கும் பழைய குடும்பப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்துகொண்டே இருக்கின்றன. மனம் நிறைந்த நன்றி. கூடவே வருத்தமான கடிதங்களும் வருகின்றன. “எல்லாம் ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது சார், காப்பி போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது” என்கிறார் ஒருவர். “இடம் நிறைய இருக்கிறது, ஆனாலும் கல்யாண வீடியோ மட்டும் ஏற மாட்டேன் என்கிறது” என்கிறார் இன்னொருவர். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “டிஸ்கைச் சொருகியதுமே ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. செய்துவிடட்டுமா?”

செய்யாதீர்கள் அம்மா. அந்தக் கேள்விக்கு எப்போதும் ‘கேன்சல்’ கொடுங்கள். டிஸ்கில் எழுதியிருப்பது தனக்குப் புரியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. மேக் கணினிக்கென்று ஃபார்மட் செய்த டிஸ்கை விண்டோஸில் சொருகினால் இப்படிக் கேட்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பழுதாகியிருந்தாலும் கேட்கும். கேபிள் சரியில்லாமலும் கேட்டிருக்கிறது. மூன்றிலும் உங்கள் படங்கள் உள்ளே பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ‘ஓகே’ கொடுத்தால் அந்த அட்டவணை புதிதாக எழுதப்பட்டுவிடும். ‘க்விக் ஃபார்மட்’ டிக்கையும் எடுத்துவிட்டுக் கொடுத்தால், விஸ்டா முதலான விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவைக்கும். அதற்கப்புறம் எந்த நிபுணரிடம் கொண்டுபோனாலும் ஒன்றும் கிடைக்காது.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரு காலத்தில் கல்யாணப் படத்தின் நெகட்டிவ் ஸ்டூடியோவில் இருந்தது, பிரிண்ட் நம் வீட்டில் இருந்தது, அத்தை வீட்டு ஆல்பத்தில் ஒரு பிரதி இருந்தது. இன்றோ பத்துப் பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கை முழுவதும் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில், ஒரே பிரதியாக, பீரோவில் கிடக்கிறது. அதைக் கையாளும்போது கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பி நின்றதுமே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் குறை கேபிளிலோ, கோப்பின் பெயரிலோ, டிஸ்கை ஃபார்மட் செய்த விதத்திலோ இருக்கும். நிஜமாகவே டிஸ்க் போய்க்கொண்டிருக்கும்போதோ, விடாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அதை நாமே சீக்கிரம் முடித்துவைக்கிறோம். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அதற்கு முதல் வேலை, திரையில் வரும் செய்தியைப் படிப்பது. “ஏதோ எரர் வந்தது, மூடிவிட்டேன்” என்றுதான் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்த ஏதோவில்தான் விடை இருக்கிறது. ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டு மூடுங்கள். கடைக்காரரிடம் காட்டினாலும் எங்களுக்கு அனுப்பினாலும் அந்த ஒரு படம் போதும்.

கல்யாண வீடியோ மட்டும் ஏறவில்லை என்ற வாசகரின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வந்தது ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்ற செய்தி. டிஸ்கில் நூற்றுக்கணக்கான ஜிபி காலி. பிறகு ஏன் இடம் போதவில்லை? அவருடைய டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. 1996-இல் விண்டோஸ் 95-இன் ஒரு திருத்தப் பதிப்போடு வந்த முறை அது. ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. அதனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. கணக்காகச் சொன்னால் 4,294,967,295 பைட் வரைதான். அன்றைக்கு அது யாரும் எட்டாத அளவு. ஆனால் 2000-களில் கல்யாணங்களை எடுத்த மினி டிவி கேசட்டைக் கணினிக்கு ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி வரும். முகூர்த்தம் மட்டுமே தாண்டிவிடும். டிவிடியாக வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை வராது, டிவிடியில் வீடியோ 1 ஜிபி துண்டுகளாகவே இருக்கும்.

தீர்வு எளிது. டிஸ்கில் வேறு எதுவும் இல்லையென்றால், அல்லது இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, அதை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். எதை எடுப்பது? வீட்டில் விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ். திடீரென்று மின்சாரம் போனாலும் அட்டவணையைச் சீர்செய்துகொள்ள அதில் ஒரு குறிப்பேடு உண்டு, எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது. மகள் மேக் வைத்திருக்கிறாள், மகன் விண்டோஸ் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் கணினி என்டிஎஃப்எஸ் டிஸ்கைப் படிக்கும், ஆனால் தனி மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. “மேக்கில் காப்பி ஆகிறது, மேக்கிலிருந்து காப்பி ஆகவில்லை” என்று எழுதியிருந்த திருச்சி வாசகருக்கு இதுதான் பதில். அவர் டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. ஃபார்மட்டை மாற்றுமுன் இன்னொன்றையும் பாருங்கள்: பழைய டிவிகளிலும் கார் ஆடியோக்களிலும் பல ஃபேட்32 தவிர வேறெதையும் படிக்காது. பாட்டுக் கேட்க ஒரு சின்ன பென்டிரைவை ஃபேட்32-ஆகவே விட்டுவைப்பது நல்லது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாம் ஆசையாகப் பெயர் வைப்போம்: ‘அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் அபிராமி சந்நிதி காலை நிகழ்ச்சி’. அதை ‘குடும்ப நிகழ்ச்சிகள்’ ஃபோல்டரில் வைத்து, அதை ‘பெரிய வீட்டுப் படங்கள்’ ஃபோல்டரில் வைத்து, கணினி மாற்றும்போதெல்லாம் ‘பழைய கம்ப்யூட்டர்’ என்று இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டிருப்போம். விண்டோஸில் வெகுகாலமாக ஒரு வரம்பு இருக்கிறது. டிரைவ் எழுத்திலிருந்து கோப்புப் பெயரின் கடைசி வரை மொத்தம் 260 குறிகள். அதில் ‘தமிழ்’ என்பது மூன்றல்ல, ஐந்து. தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என்று ஒவ்வொன்றும் தனிக் குறி. ‘ஸ்ரீ’ நான்கு. நம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் பெயர் கணினிக்கு நீளம். பழைய கணினியில் ஏறி இருந்த கோப்பு, புது டிஸ்கில் இன்னொரு ஃபோல்டருக்குள் வைக்கும்போது வரம்பைத் தாண்டி ‘பாத் டூ லாங்’ என்று நின்றுவிடும்.

லினக்ஸில் இது இன்னும் இறுக்கம். வீட்டில் நெட்வொர்க் டிஸ்க் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், அவற்றில் பெரும்பாலானவை உள்ளுக்குள் லினக்ஸ்தான். அங்கே ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்துகள் வரை போகலாம் என்றால் தமிழில் 85 குறிகளோடு முடிந்தது. விண்டோஸில் இருந்த நீளமான தமிழ்ப் பெயர் அங்கே ஏறாமல் நிற்பது இதனால்தான். பெயரைச் சுருக்குங்கள், போய்விடும். நீண்ட விவரத்தைத் தனியாக ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் பழக்கத்தையும் இரண்டு மூன்று மட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு இருந்தாலும் விண்டோஸ் ஏற்காது. லினக்ஸிலிருந்து வரும் கோப்புகளில் அவற்றில் சில இருக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை ‘கோ’வில் இருக்கும் ஓகாரக் குறியை அப்படியே வைக்காது. முன்னால் வரும் இரட்டைச் சுழியையும் பின்னால் வரும் காலையும் பிரித்து இரண்டு குறிகளாக எழுதும். விண்டோஸில் தட்டினால் அது ஒரே குறி. அதனால் மேக்கிலிருந்து வந்த ‘கோவில்’ ஃபோல்டரும் விண்டோஸில் நீங்கள் வைத்த ‘கோவில்’ ஃபோல்டரும் ஒரே டிஸ்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. “காப்பி இரட்டிப்பாகிவிட்டது” என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள். இரண்டையும் திறந்து உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் படம் ஒன்றிலும் மீதிப் படம் மற்றதிலும் இருக்கக்கூடும்.

பழைய டிஸ்கிலிருந்து எழுத்து வேலைகளைக் காப்பி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாமினியிலோ டாப், டாம், டிஎஸ்சிஐஐ எழுத்துருக்களிலோ தட்டச்சு செய்த காலத்துக் கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் தேடி எடுத்துக் கூடவே வையுங்கள். பாமினியில் அடித்த கட்டுரையை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி வரும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் திருப்பி அனுப்புகிறோம், தயங்காமல் அனுப்புங்கள்.

இப்போது கேபிள். சமீபத்தில் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கணவர் நாகஸ்வரம் வாசித்தவர், காலமாகிவிட்டார். கோயில் உற்சவங்களில் அவர் வாசித்ததையெல்லாம் மகன் பதிவுசெய்து ஒரு டிஸ்கில் வைத்திருக்கிறார். “எத்தன தடவ போட்டாலும் பாதியில நின்னுபோவுது தம்பி. ‘டிங்’குன்னு ஒரு சத்தம் வருது, அப்புறம் டிஸ்கே காணாமப்போயிடுது” என்றார். எங்கள் கணினிப் பிரிவில் இருக்கும் இளைஞர் டிஸ்கைத் தொடுமுன் கேபிளைக் கேட்டார். டிஸ்கோடு வந்த கேபிளில் எட்டவில்லை என்று நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். டிஸ்க் பக்கம் சொருகும் அகலமான முனை, விரல் பட்டாலே ஆடியது. வீட்டில் கணினியின் முன்பக்க போர்ட்டில்தான் சொருகுவார்களாம். “அம்மா, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, நீங்க உட்காருங்க” என்று சொல்லி, வேறொரு குட்டைக் கேபிளைப் போட்டுக் கணினியின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் சொருகினார். காப்பி நிற்காமல் ஓடி முடிந்தது. ஒரு பதிவைத் திறந்து ஹெட்போனைக் கொடுத்தோம். கேட்டுவிட்டு, “தோடி. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிச்சது” என்றார்.

கையடக்க டிஸ்குக்குத் தனி மின்இணைப்பு கிடையாது. உள்ளே மோட்டார் சுழல்வதற்கான மின்சாரமும் அதே யுஎஸ்பி கேபிளில்தான் வர வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0-இல் 900. மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அதைவிடக் கூடுதலாகவும் இழுக்கக்கூடும். கேபிள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே குறையும். மின்சாரம் இல்லாத சின்ன ஹப்பில், பக்கத்தில் ஒரு பென்டிரைவ், ஒரு செல்போன் சார்ஜ் என்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டிஸ்க் நின்று நின்று ஓடும், ‘டிக்’ என்று சத்தம்கூட வரும். அதனால் எந்த டிஸ்க் நின்றாலும் முதலில் எக்ஸ்டென்ஷனையும் ஹப்பையும் எடுத்துவிட்டு, வேறு நல்ல கேபிளில், கணினியின் சொந்த போர்ட்டில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலேயே கேபிள் கிடைக்கும். பெரிய, மேஜை மேல் வைக்கும் டிஸ்க் என்றால் அதற்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. வேறு எதற்கோ வந்த அடாப்டரை அதில் சொருகிவிடாதீர்கள்.

“நிற்கவில்லை, ஆனால் நத்தையாக ஊர்கிறது” என்பவர்களுக்கு: போர்ட்டைப் பாருங்கள். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-இல் நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி போல்தான் போகும். 500 ஜிபி ஏற நாலு மணி நேரம் ஆகும். 3.0-இல், பெரும்பாலும் நீல நிறம் உள்ளே தெரியும் போர்ட்டில், அதே சுழலும் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும், ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். வாட்ஸ்அப் படங்களைப் போல ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகள் என்றால் எந்த போர்ட்டிலும் மெதுவாகத்தான் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் அட்டவணையில் ஒரு பதிவு எழுத வேண்டியிருக்கிறதே. கணினியிலேயே அவற்றை ஒரே ஜிப் கோப்பாக்கி, அதை ஏற்றுங்கள். படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால், ஜிப் மென்பொருளில் ‘ஸ்டோர்’ என்ற வகையைத் தேர்ந்தால் நேரம் மிச்சம்.

தொடக்கத்தில் விரைவாகப் போய், கொஞ்ச நேரம் கழித்துப் படுத்துவிடும் டிஸ்குகளும் உண்டு. இப்போது விற்கும் கையடக்க டிஸ்குகளில் பலவற்றில் எழுதும் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருப்பதையும் எடுத்து வைக்க வேண்டும். ஏற்கெனவே நிறைந்த டிஸ்கில் அழித்து அழித்து எழுதும்போது உள்ளே இந்த வேலைதான் நடக்கிறது. வேகம் விநாடிக்கு சில எம்பி வரை இறங்கினாலும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், எழுதி முடிக்கும். கேபிளைப் பிடுங்காதீர்கள். மடிக்கணினியில் காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், அதுவும் தூங்கிவிடாதபடி ஸ்லீப் அமைப்பை மாற்றிவிட்டுப் போங்கள்.

‘ஆக்சஸ் டினைடு’ வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கோப்பு வேறெங்கோ திறந்திருக்கும், அல்லது பழைய கணினியின் பயனர் பெயருக்கு மட்டும் அனுமதி இருக்கும். விவரம் தெரிந்தவர் சில நிமிடங்களில் சரிசெய்வார். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி காட்டுவதும் ஏமாற்று இல்லை, கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

பயப்பட வேண்டிய செய்தி வேறு. ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்றோ ‘ஐ-ஓ டிவைஸ் எரர்’ என்றோ வந்தால், கேபிளும் போர்ட்டும் மாற்றிய பிறகும் அதே கோப்பில் நின்றால், ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனால், சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால், டிஸ்கின் உடம்பு சரியில்லை. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதை அடுக்கி ஐம்பது லட்சம் எழுத்துகள் கொள்ளும் முதல் ஹார்டு டிஸ்கைத் தந்தது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல்கிறது, படிக்கும் முனை அதற்கு மேல் மிதக்கிறது. இன்றைய டிஸ்கில் அந்த இடைவெளி சில நானோமீட்டர். முனை தட்டில் உரச ஆரம்பித்துவிட்டால் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் படங்கள் சுரண்டப்படுகின்றன.

கேபிளை மாற்றியும் சத்தம் வருகிறதென்றால் உடனே கழற்றி வையுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து இருக்கிறதும் போய்விடும். தட்டித் தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் கூடாது. ஒரு தூசு போதும், அந்த இடைவெளியில் அது பாறை அளவு. தூசு வடிகட்டிய அறையில் திறந்து வேலை செய்யும் மீட்பு நிலையங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. செலவு அதிகம், உண்மைதான். ஆனால் அந்தப் படங்கள் அந்தச் செலவுக்குத் தகுந்தவையா என்பதை நீங்கள் முடிவு செய்யும்வரை டிஸ்கைத் தொடாமல் வைத்திருந்தால்தான் அந்த முடிவுக்கு இடமிருக்கும். டப்பாவைக் கழற்றி உள்ளிருக்கும் டிஸ்கை வேறு டப்பாவில் போடலாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். சில கையடக்க டிஸ்குகளில் யுஎஸ்பி முனை டிஸ்கின் சர்க்யூட்டிலேயே பற்றவைத்திருக்கும். வேறு சிலவற்றில் தகவல் அந்த டப்பாவின் சிப்பால் பூட்டி எழுதப்பட்டிருக்கும். அவற்றை மாற்றிப் போட்டால் ஒன்றும் தெரியாது. முதலில் விசாரித்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

சத்தமில்லை, ஆனால் சில கோப்புகளில் நிற்கிறது என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் கணக்கை அது காட்டும். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகள் முக்கியம். முதலாவது, பழுதாகி ஓரங்கட்டப்பட்ட இடங்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். இரண்டும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. சி5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் இனி எதையும் எழுதக் கூடாது, எடுக்க மட்டும்தான் வேண்டும். அதுவும் முழு டிஸ்கையும் ஒரே மூச்சில் இழுக்காமல், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமாப் படமும் மென்பொருளும் எங்கேயும் கிடைக்கும். தாத்தாவின் குரல் கிடைக்காது.

இந்த நேரத்தில் கடைகளில் வழக்கமாகச் செய்வது, விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டுவது. நல்ல டிஸ்கில், அட்டவணை மட்டும் குழம்பியிருந்தால் அது உதவும். உடல்நலம் கெட்ட டிஸ்கில் அதை ஓட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. டிஸ்கின் ஒவ்வொரு மூலையையும் அது படித்துக் களைப்பாக்கும், தனக்குப் புரியாத பதிவுகளைத் திருத்தி எழுதும். முதலில் காப்பி, பிறகுதான் பழுதுபார்ப்பு. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் மறுமுயற்சி எண்ணிக்கையைக் கட்டாயம் குறைத்துக் கொடுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அது 30 விநாடிக்கு ஒரு தடவை பத்து லட்சம் தடவை முயற்சி செய்யும். லினக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவைக் கேளுங்கள். அது எளிதாகப் படிக்க முடிந்த இடங்களையெல்லாம் முதலில் எடுத்துவிடும். நின்ற இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு கடைசியில்தான் திரும்பி வரும். நடுவில் நிறுத்தினாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். நோய்ப்பட்ட டிஸ்குக்கு அதைவிட நல்ல இலவசக் கருவியை நான் கண்டதில்லை.

காப்பி நல்லபடியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் பலர் இழக்கிறார்கள். இடம் காலியாகட்டும் என்று முதலிலேயே ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்கிறார்கள். நடுவில் மின்சாரம் போனால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எப்போதும் காப்பி மட்டும் செய்யுங்கள். பச்சைப் பட்டை நிறைந்ததும் நம்பிவிடாதீர்கள், விண்டோஸ் தான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. இரண்டு ஃபோல்டர்களிலும் ‘ப்ராபர்ட்டீஸ்’ பார்த்துக் கோப்புகளின் எண்ணிக்கையையும் ‘சைஸ்’ என்ற வரியையும் ஒப்பிடுங்கள். கீழே இருக்கும் ‘சைஸ் ஆன் டிஸ்க்’ மாறியிருந்தால் கவலையில்லை. டெராகாப்பி போன்ற மென்பொருள்களில் ‘வெரிஃபை’ என்ற வசதி உண்டு, ஒவ்வொரு கோப்பையும் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் இரட்டிப்பாகும், கொடுக்கலாம். கடைசியாக ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். 2018 முதல் விண்டோஸ் 10 உடனே கழற்றத் தோதான அமைப்போடு வருகிறது என்றாலும், மேக்கிலும் லினக்ஸிலும் பட்டை முடிந்த பிறகும் எழுதும் வேலை பாக்கி இருக்கக்கூடும்.

சரிபார்க்க இன்னொரு காரணம், போலி டிஸ்குகள். நம்ப முடியாத விலைக்கு 16 டிபி என்று இணையத்தில் விற்பவற்றில், உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். கணினிக்கு மட்டும் 16 டிபி என்று பொய் சொல்லும். ஏற்றும்போது எல்லாம் ஏறும், பட்டியலில் பெயரும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி டிஸ்க் முழுக்க எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புது டிஸ்க் எதுவானாலும் முதல் படத்தை வைக்குமுன் இதை ஒரு இரவு ஓடவிடுங்கள்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய ஒரு விதி உண்டு: பிரதி மூன்று, ஊடகம் இரண்டு வகை, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்று பிரதி முடியாவிட்டால் இரண்டு பிரதியாவது வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டிஸ்க் வாங்கி, வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை வாங்கிச் சொருகிப் பார்த்துப் புதியவற்றை ஏற்றித் திருப்பிக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருக்கும் டிஸ்கை எடுத்து, குட்டைக் கேபிளில் சொருகி, இருப்பதிலேயே பழைய வீடியோ ஒன்றைத் திறந்து நடுவில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். ஓடாவிட்டால் திரையில் வரும் செய்தியைப் படம் எடுத்து, டிஸ்கின் கொள்ளளவு, எந்தக் கணினி என்ற விவரத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். டிஸ்கைத் தபாலில் அனுப்ப வேண்டாம், படம் மட்டும் போதும். எங்களால் சொல்ல முடிந்ததை ஒவ்வொருவருக்கும் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்